லூப்பே வாங்கி வைத்த வீடியோக்கள்

லூப்பேவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. தேவாலயத்துக் கணினி அவள் பொறுப்புக்கு வந்ததிலிருந்து, ஊரில் கல்யாணம் நடந்தாலும் சாவு விழுந்தாலும் அந்த வீட்டார் வீடியோவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "இதையும் உள்ள போட்டு வைம்மா." தலையை ஆட்டி வாங்கி ஏற்றிவிடுவாள். சமோவாவின் சவாயித் தீவில் ஒருவர் கொடுப்பதை வேண்டாம் என்பது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி.

குழந்தைகளுக்கான வெள்ளை ஞாயிறுத் திருநாள் அன்று காலை, அந்த லினக்ஸ் கணினி எழும்பவில்லை. எழுத்துகள் சரசரவென்று ஓடின. பிறகு திரை கறுத்து, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே கறுப்பு.

அவளுடைய அக்கா தெயுயிலா நியூசிலாந்தில், ஆக்லாந்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் மகள் சோசே லூப்பேவிடம்தான் வளர்கிறாள். இன்று சோசே முதன்முதலாகச் சபைமுன் வசனம் சொல்லப் போகிறாள். தேவாலயத்தின் கல்சுவருக்குள் கைபேசி வேலை செய்யாது. கம்பி வழியாக இணையம் வரும் இந்தக் கணினி மூலமாகத்தான் தாய் அதைப் பார்த்தாக வேண்டும்.

லூப்பே பின்பக்கம் ஓடினாள். கணினியை அமைத்துக் கொடுத்த மாமன் மகன் யோவானே, விருந்துக்காக உமு அடுப்பின் சுடுகற்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் கரி. இந்தக் கோலத்தில் உள்ளே வரமாட்டான். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டான்.

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-மூணு. மூணையும் சேத்து அமுக்கு."

"பேர் கேக்குது."

"குடு. அப்புறம் பாஸ்வேர்ட்."

"அடிக்கிறேன், ஒரு எழுத்துகூட விழலையே!"

"விழாதுடி, அது அப்படித்தான். நம்பி அடி."

உள்ளே விட்டது. அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, டிஸ்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளையை அடித்தாள். வந்த வரிகளை அவள் வாசிக்க, யோவானே தலையில் கை வைத்துக்கொண்டான். கரி நெற்றியிலும் ஏறியது.

"நூத்துக்கு நூறு! டிஸ்க்ல துளி இடம் இல்ல. மூச்சு விட இடமில்லாம அது எப்படிப் படம் காட்டும்? என்னத்தப் போட்டு அடைச்சு வெச்ச?"

"ஊரையே."

"சிரிப்பு வேறயா? இருக்கறதுலயே பெருச அழி."

பெரியது, ஊர்த் தலைவர்களில் ஒருவரான துயிலோமாவின் பட்டம் சூட்டு விழா வீடியோ. பகல் முழுக்க ஓடும். துயிலோமா வெள்ளை அங்கியில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாயிற்று. கேட்காமல் அழிக்க முடியாது. அவரிடம் லூப்பே தானாகப் பேசியதே கிடையாது.

அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நின்றபடி தலைவரிடம் பேசக்கூடாது.

"ஐயா... உங்க பட்ட விழாவ... கணினியிலேர்ந்து எடுக்கணும். இல்லன்னா இன்னிக்கு அக்காவுக்கு சோசே தெரியமாட்டா."

துயிலோமா அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"என் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் அது இருக்கு. நானே முழுசாப் பாத்ததில்ல, தூக்கம் வந்துடுது. எல்லாரும் குடுத்தாங்க, நான் குடுக்காம விட்டா நீ வருத்தப்படுவியேன்னு குடுத்தேன். போ, தூக்கிப் போடு."

அழித்துவிட்டுக் கணினியை அணைத்து மறுபடி போட்டாள். எழுத்துகள் ஓடின. கறுத்தது. சட்டென்று திரை முழுக்க நீலம் விரிந்தது. ஜன்னலில் யோவானே, "ஏய், வந்துடுச்சுடி!" என்று கத்த, பாடகர் குழு திரும்பி முறைத்தது.

மணி அடிக்கும்போது தெயுயிலாவின் முகம் திரையில் வந்தது. தலையில் இன்னும் தொழிற்சாலைத் தொப்பி.

"ஏன்டி இவ்வளவு நேரம்? எனக்கு உசுரே போயிடுச்சு."

"இங்கயும்தான்" என்றாள் லூப்பே. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை சோசே பக்கம் திருப்பினாள்.

சோசே வசனத்தைப் பாதியில் விட்டாள். எங்கே விட்டோம் என்று யோசித்தாள். மறுபடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்லி முடித்தாள். தெயுயிலா இரண்டு தடவையும் கேட்டாள்.