எஸ்தர் எழுதாத சீட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உத்தமபாளையத்திலிருந்து போன். "சரசக்கா, நம்ம எஸ்தரக்கா போயிட்டாக" என்றது குரல். டெலிபோன் எக்சேஞ்சில் எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தியை இணைத்துக் கொடுத்தவள் நான். எனக்கே வந்தபோது "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கு நான் அஞ்சலி எழுதுவதாவது! கோபம்தான் வருகிறது. ஆனாலும் நம் டெலிபோன் ஊழியர் சங்க இதழில் அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். காரணம் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஏலக்காய் வியாபாரிகள் குமுளிக்கும் கொச்சிக்கும் டிரங்கால், அதாவது வெளியூர் அழைப்பு, போட்டால், போர்டில் ஒயரைச் செருகி இணைத்துத் தந்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் அழைத்தவர், அழைக்கப்பட்டவர் பெயரோடு ஒரு சீட்டு எழுத வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் நடுவில் புகுந்து, "நீட்டிக்கணுமா?" என்று கேட்க வேண்டும். கெங்குவார்பட்டிக்காரி எஸ்தர் கேட்டால், சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கூடச் சிரித்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காரியம் முடிந்து போர்டில் உட்கார்ந்தால், கம்பம் கேட்டவருக்குப் பெரியகுளத்தைக் கொடுத்தேன். வீட்டில் நான் அழுதால் மாமியார் அழுவார், அவர் அழுதால் பிள்ளைகள் அழும். அதனால் எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு வந்து ஆபீசில் தப்பு செய்தேன். இன்னொரு புகார் வந்தால் என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி மேலே எழுதிவிடுவதாகச் சொன்னார் சூப்பர்வைசர்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், ஏலக்காய்க் கடை புதுவருடத்துக்குக் கொடுத்த டைரி ஒன்றை எஸ்தர் என் டிபன் டப்பா பக்கத்தில் வைத்தாள்.

"வாயத்தான் ஆபீசுக்கு வித்தாச்சு. கையி சும்மாதான கெடக்கு, எழுதுங்கக்கா."

"என்னத்த எழுத? சோறு தின்னேன், அழுதேன்னா?"

"அதத்தான். என்ன கொழம்புன்னும் எழுதுங்க. தெனம் மூணு நிமிஷம். அதுக்கு மேல வேணும்னா எங்கிட்ட கேளுங்க, நீட்டிச்சுத் தாரேன்."

"அடிப் போடி" என்றேன். அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதி வந்தாளாம். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். "ஜெபத்துல எல்லாத்தையும் சொல்ல முடியாதுக்கா. சிலதுக்கு வெக்கமா இருக்குல்ல" என்றாள்.

முதல் வாரம் குழம்பைத்தான் எழுதினேன். கத்தரிக்காய், உப்பு அதிகம், மழை இல்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவர் சட்டையை இன்னும் துவைக்கவில்லை என்று எழுதிவிட்டு நன்றாக அழுதேன். அன்றைக்குப் பிறகு தூக்கம் வந்தது. தப்பான இணைப்பும் குறைந்தது.

பிறகுதான் அந்தக் கூத்து. ஒரு மதியம் போர்டில் இருக்கும்போது மனம் பொங்கிவிட்டது. டைரி வீட்டில். கையில் இருந்தது டிரங்கால் சீட்டு. அழைத்தவர்: நான். அழைக்கப்பட்டவர்: அவர். குறிப்பு: பதில் இல்லை. எழுதி முடிப்பதற்குள் போர்டில் விளக்கு எரிந்தது. அந்த அழைப்பை எடுக்கப் போனேன். என் சீட்டு மற்ற சீட்டுகளோடு கட்டுக்குள் போய்விட்டது.

மறுநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்து அதை உரக்கப் படித்தார். அவசரத்தில் எழுதும் எங்கள் கையெழுத்தெல்லாம் கோழி கிளறினதுதான், யாருடையது என்று சொல்ல முடியாது. "யார் வேலை இது?" என்றார். நான் குனிந்து போர்டு ஒயரைச் சரிசெய்தேன்.

"நான்தான் சார்" என்றாள் எஸ்தர்.

மெமோ கொடுத்தார்கள். மெமோ பெரிதில்லை. கல்யாணமாகாத பெண், 'அவர்' என்று ஒருவரை எழுதியிருக்கிறாள். கடைத்தெருவுக்கு வேறென்ன வேண்டும்? பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த மாதமே கலைந்தது. நான் ஓடிப்போய், "ஏண்டி இப்படிச் செஞ்ச? நான் போயி உண்மையச் சொல்லிர்றேன்" என்றேன்.

"சும்மா இருங்கக்கா. ஒங்களுக்கு ரெண்டு புள்ளைக இருக்கு. இதுக்கே ஓடுற மாப்ள ஓடட்டும்."

அடுத்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு என் வாயை யார் அடைத்தார்கள்? யாரும் இல்லை. வெட்கம், பயம். எஸ்தரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. கடைசி வரை அவள் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

என்னிடம் இப்போது பதினாறு டைரிகள் இருக்கின்றன. அவளால் எனக்குக் கிடைத்த சொத்து அதுதான். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தது, மாமியாரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்தது எல்லாவற்றையும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினேன். அந்தச் சீட்டைப் பற்றியும் ஒவ்வொரு டைரியிலும் எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி என் மனம் லேசானது. அவள் பெயரில் விழுந்த கறை அப்படியே இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும்போது, நம் ஆபீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தவரிடம், "அந்த 'அவரு' வந்திருக்காரான்னு பாத்தீகளா?" என்று கேட்டுச் சிரித்தார். இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகும். ஐயா, அவர் அன்றைக்கே உயிரோடு இல்லை. அவர் என் கணவர்.