நடுக்கடலில் பிடிபட்ட மாலுமி

பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகத்தில், அமெரிக்கா தன் பழைய எசமான் பிரித்தானியாவோடு 1812இல் இரண்டாம் முறை அடிபட்டதைப் பற்றிக் கேட்பார்கள் என்று முழுதாக நம்பினேன். நம்பவைத்தவர் பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை. போன வருடம் நேர்முகத்தில் தேறியவர்.

“நேர்முகம் எடுத்தவள் என்னட்டை அதைத்தான் கேட்டவள்,” என்றார், வெண்டிக்காயைத் தராசில் நிறுத்தபடி.

“அது பிரான்சின்ரை சண்டையே இல்லையே அண்ணை?”

“விசரா! பிரித்தானியா பிரான்சோடை அடிபட்டதாலதானே அந்தச் சண்டையே வந்தது. உன்னட்டையும் கட்டாயம் கேப்பினம்.”

அன்றே படிக்கத் தொடங்கினேன். ஊரில் வரலாறு படித்த ஒரே முறைதான் எனக்குத் தெரியும்: காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, கண்ணை மூடிப் பாடமாக்கு. உணவகச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே பாடமாக்கினேன், பிரெஞ்சில். காரணம் ஒன்று: பிரித்தானியா நடுக்கடலில் கப்பலை மறித்து மாலுமிகளைப் பிடித்துச் சென்றமை. இரண்டு: பிரான்சோடு வியாபாரம் செய்யவிடாமை. மூன்று: அமெரிக்காவுக்குக் கனடா நிலத்தின்மேல் ஆசை. இப்படி ஐந்து வரை. விளைவுகள்: அமெரிக்கத் தலைநகர் எரிந்தது. எல்லை பழையபடி இருந்த இடத்துக்கே வந்தது. இரண்டு பக்கமும் தாமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அங்கேயே இருந்த பூர்வகுடிகள். இந்தக் கடைசி விளைவு வரும்போது மட்டும் கத்தி கொஞ்சம் நின்று நின்று வெட்டும்.

வீட்டிலும் முணுமுணுத்தேன். “அஞ்சு காரணத்தையும் சொல்லி முடிச்சிட்டு, அந்தக் குப்பையைக் கீழை கொண்டுபோய்ப் போடுங்கோ,” என்றாள் மனைவி.

நேர்முக நாள். மேசைக்கு அந்தப் பக்கம் நல்ல முகத்தோடு ஒரு அம்மா. முதல் கேள்வியே, “என்ன காரணங்களுக்காகப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கிறீர்கள்?”

காரணங்கள் என்றதும் எனக்குள் இருந்த பரீட்சைக்காரன் எழும்பிவிட்டான். “காரணங்கள் ஐந்து. முதலாவது, நடுக்கடலில் கப்பலை மறித்து மாலுமிகளைப் பிடித்துச் சென்றமை.”

அந்த அம்மா தட்டச்சை நிறுத்தினார். என் கோப்பைப் புரட்டினார். “மிசியூ, நீங்கள் சமையல்காரர் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்? உங்களை யார் பிடித்தது?”

வாயை மூடியிருக்கலாம். “இரண்டாவது, பிரான்சோடு வியாபாரம்…” என்று தொடங்கி, அங்கேயே எல்லாம் மறந்துபோனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சரி, பிரான்சில் இருபத்திரண்டு வருடம் காத்திருந்ததும் மாலுமிகளோடு கடலில் போய்விட்டது என்று நினைத்தேன்.

அந்த அம்மா தண்ணீர் தந்தார். அதே கேள்வியை மெதுவாகத் திரும்பக் கேட்டார். “என்ரை ரெண்டு பிள்ளையளும் இஞ்சைதான் பிறந்தவை,” என்றேன் முதலில், தமிழில். பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னேன். திரும்பிப் போக எனக்கு வீடில்லை, வேலை செய்வதும் வரி கட்டுவதும் இங்கேதான் என்றேன். எண்ணிப் பார்த்தால் காரணங்கள் மூன்றுதான் தேறின. அவர் மூன்றையும் தட்டச்சு செய்தார்.

அண்ணையைப் பிறகு பிடித்துக் கேட்டேன். தன் நேர்முகத்தில், கனடாவில் இருக்கும் தம்பியைப் பற்றி அவராகவே அளக்கப்போய், பேச்சு அந்தச் சண்டைக்குப் போனதாம்.

என்னிடம் போரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குடியுரிமை கிடைத்தது.