அதிராம்பட்டினம் போன பொருளாதாரப் பாடம்

என் தோழி சபுராவின் வாப்பா ஜக்கரியா மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா மலேசியாவில், கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நல்லவர்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். எண்பத்து நான்கில் நானும் சபுராவும் தபால்வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தோம். நான் புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டப்பள்ளி ஆசிரியை. அவள் வாப்பாவின் கடையில் கல்லாவில் இருந்தாள். பாடங்கள் மலாய் மொழியில், கேசட்டில் வரும். பரீட்சைக்கு முன் ஒரு வாரம் கோலாலம்பூரில் நேரடி வகுப்பு. எங்களுக்கு இரண்டுமே வேண்டும். கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். சந்தேகத்தை ஆளிடம்தானே கேட்க முடியும்? மாமாவுக்கு இது ஏறவே இல்லை.

"வாத்தியாரு வீட்டுக்கே வந்து பேசுறாரு. பொம்பளப்புள்ள அங்க எதுக்குப் போவணும்?"

சபுரா பொருளாதாரத்தில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள். மறுபடி தோற்றால் படிப்பு அத்தோடு சரி.

இதற்கு நடுவில் மாமா ஒரு காரியம் செய்தார். ஊருக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கேசட்டில் பேசி, போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அந்த முறை கையில் அகப்பட்டது சபுராவின் பொருளாதாரக் கேசட், ஐந்தாம் பாடம். பதிவாகாதபடி உடைத்திருந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன்மேலேயே பேசி அதிராம்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார். கேட்டால், கேட்டு முடித்த கேசட்தானே என்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது?

வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய அக்காவிடமிருந்து பதில் கேசட் வந்தது. கடையிலேயே போட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, நீ பேசி முடிச்சதும் ஒருத்தரு மலாய்ல பேசுறாரே, யாரு, ஒன் கூட்டாளியா? மரியாதைக்கு நாங்களும் கடைசிவரைக்கும் ஒக்காந்து கேட்டோம். ஒண்ணும் வெளங்கல. என்னன்னு கேக்கலாம்னா, அந்த மனுசன் நம்ம பேச்சக் காதுலயே வாங்கல. அவருக்கு எங்க சலாத்தச் சொல்லு."

கடையே சிரித்தது. சபுராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதத்தான் வாப்பா ஒரு வருசமா நான் சொல்றேன்."

வகுப்பன்று விடியற்காலையில் மாமாவே எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டே வந்தார். வகுப்பு வாசலில் அந்தக் கேசட்டில் பேசிய விரிவுரையாளரை நிறுத்தி, அக்காவின் சலாத்தை மறக்காமல் சொன்னார். அவர் பாவம், திகைத்துப்போய் பதில் சலாம் சொன்னார்.

வகுப்பில் முதலில் கை தூக்கியது சபுராதான். மாமா சன்னலோரமாக நின்று, அவளுக்குப் பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.