உடும்புப்பிடியும் நல்லெண்ணெயும்

பிறந்ததிலிருந்தே என் கால்களுக்கு என் பேச்சைக் கேட்கும் பழக்கம் கிடையாது. அதற்கும் சேர்த்துக் கைகளுக்கு வலு வந்துவிட்டது. எதையாவது பிடித்தேன் என்றால் உடும்புப்பிடிதான். மலேசியாவின் கிள்ளானில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை காலைகளில் நடந்த தண்ணீர்ப் பயிற்சி வகுப்பில், அந்தப் பிடியில் சிக்கியது கோச் அக்காவின் கழுத்து.

நீச்சல் குளத்தில் எல்லோரும் வட்டமாகச் சேர்ந்து, பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீரை அடித்து ரகளை செய்வோம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக மல்லாந்து மிதக்க வேண்டும். யாரும் பிடிக்காமல் பத்து எண்ணும்வரை மிதந்தால் மஞ்சள் தொப்பி கிடைக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தொப்பி மேல் அப்படி ஓர் ஆசை. என்னைவிடச் சின்னப் பொடியன்கள் எல்லாம் வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் நான்கு வாரமாக, "விடாதீங்கக்கா! விடாதீங்க!" என்று கத்திக் கோச் அக்காவுக்கு மூச்சு முட்ட வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

தினமும் காலையில் என் கால்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது அம்மாவின் வழக்கம். வகுப்பு நாளில் மட்டும் கிடையாது. குளத்தில் எண்ணெய் ஆகாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். ஐந்தாவது சனிக்கிழமை ஏனோ எண்ணெய்ப் புட்டி அலமாரியிலிருந்து இறங்கியது. அதுவும் கால் மட்டுமில்லை. தோள், முழங்கை, விரலிடுக்கு என்று ஓர் இடம் பாக்கியில்லை.

"என்னம்மா, இன்னிக்குத் தீபாவளியா?"

"வாயை மூடிக்கிட்டு கையை நீட்டு லா."

தண்ணீரில் இறங்கியதும் கோச் அக்காவின் கழுத்தைப் பிடித்தேன். வழுக்கியது. தோளைப் பிடித்தேன். அதுவும் வழுக்கியது. அக்கா என்னைப் பிடிக்கப் பார்த்தார். மீன் மாதிரி நழுவிப் போனேன். ஐயோ, செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சாகவில்லை. கண்ணைத் திறந்தால் மேலே கூரைத் தகரம் தெரிந்தது. என்னை யாருமே பிடித்திருக்கவில்லை. பிள்ளைகள் தமிழ், மலாய், சீனம் என்று மூன்று மொழியிலும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்தை முதலில் எட்டியது மலாய்.

தொப்பியை என் தலையில் மாட்டும்போதுதான், தண்ணீரில் எண்ணெய் பளபளவென்று பரவியிருப்பதை அக்கா கண்டார்.

"என்ன ஆன்டி இது! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா, எண்ணெய் கூடாதுன்னு! இப்போ குளத்தையே மூடணும்!"

பாசார் சந்தையில் மீன் கொஞ்சம் நாறினாலும் கடையையே இரண்டாக்கிவிடுகிற அம்மா, தலையைக் குனிந்து, "சாரி லா, மறந்துட்டேன்" என்றார். எனக்கு மானமே போயிற்று.

காரில் ஏறியதும், தொப்பியைக் கழற்றாமலே அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "அறிவிருக்காம்மா? அக்கா மட்டும் பிடிச்சிருந்தா நான் இன்னும் நல்லா மிதந்திருப்பேன்!"

அம்மா ஸ்டியரிங்கில் ஒட்டிய எண்ணெயைத் துணியால் துடைத்தார். அதே துணியால் கண்ணையும் துடைத்துக்கொண்டு சிரித்தார். எதற்கு அழுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய்ப் புட்டி அலமாரியை விட்டு இறங்கவில்லை. ஒருவழியாக அம்மாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.