முகம்மது தம்பி காக்காவின் பூனை

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில் கம்பனிக்குப் பத்து ஏக்கர் வளவு இருக்கிறது. அதற்குப் பதினாறு வருஷம் வாச்சராகக் காவல் நின்றவர் சாய்ந்தமருது முகம்மது தம்பி காக்கா. அண்ணன் முறை ஆளை எங்கள் பக்கம் காக்கா என்போம். நான் அங்கே மண் வெட்டும் பெக்கோ மெஷின் ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

காக்கா மெலிந்த ஆள். வாய் நிறைய வெற்றிலை. வளவின் பின்பக்கம் ஒரு பழைய குளம். அதன் ஓரத்தில் பாய் இழைக்கிற பன்புல் ஆள் உயரத்துக்கு அடைத்து நின்றது. குளத்தில் மீன் பிடித்துத் தின்னும் காட்டுப் பூனை ஒன்று வளவில் இருக்கிறதென்று காக்கா சொல்வார். தடம் கண்ட நாளில், காவல் கொட்டிலில் தொங்கிய மில் கலண்டரில் ஒரு வட்டமும் நான்கு புள்ளியும் கீறி வைப்பார்.

“எங்க காக்கா, ஒங்கட புலிய ஒரு நாளைக்குக் காட்டுங்களன்.”

“காட்டினா நீ ஊரெல்லாம் கதைப்பாய். கோழி வளக்கிறவன் நஞ்சு வெப்பான். ஒண்ட வாய் பெக்கோவ விடப் பெரிசு, மனே.”

“பூனையும் இல்ல, ஒண்டும் இல்ல. வெத்திலை மயக்கம்.”

“ஓம் ஓம், அப்பிடியே நினைச்சிக்க.”

போன வருஷம் கம்பனி குளமூலையை நிரப்பி நெல் களஞ்சியம் கட்ட நினைத்தது. அதற்கு முன் வளவில் என்னென்ன உயிர் இருக்கிறதென்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாயிற்று. பூனை அங்கே குடியிருக்கிறதென்று அவர்கள் எழுதினால் மூலையை அப்படியே விட்டு, களஞ்சியத்தை ரோட்டுப் பக்கம் கட்டலாம் என்று காக்காவிடம் மனேஜர் சுபியான் சொல்லியிருந்தார்.

அவர்கள் வருவது வெள்ளிக்கிழமை. வியாழன் காக்கா லீவு போட்டுச் சேட்டு வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனார்.

“கொழும்பாக்களுக்கு முன்னால கிழிஞ்ச சேட்டோட நிக்கேலா.”

வாகனம் குளம் வரை போக ஒரு பாதை போடு என்றுதான் மனேஜர் எனக்குச் சொன்னார். பத்து மணிக்கே முடிந்துவிட்டது. பார்த்தேன், பன்புல் தாறுமாறாகக் கிடந்தது. எங்கள் ஊரில் கல்யாண வீடென்றால் வளவைச் செதுக்கி வெள்ளை மணல் பரப்புவோம். காக்காவின் விருந்தாளிகள் வருகிறார்களே, அவருக்கு மதிப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பன்புல்லை வேரோடு வழித்து ஒரு பக்கம் குவித்தேன். கட்டட வேலைக்குக் கொட்டிக் கிடந்த வெள்ளை மணலை அள்ளிப் பரப்பினேன். யாரும் கேட்காமல் செய்த வேலை. நல்ல சந்தோஷத்தோடுதான் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை காக்கா நீலச் சேட்டோடு வந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. குளத்தடியில் நின்றார். பிறகு குந்திவிட்டார். மணலில் ஒரு பெரிய தடம், பக்கத்தில் இரண்டு சின்னத் தடம். குவித்த பன்னிலிருந்து நேரே வேலிக்கு வெளியே போயிருந்தன.

“குட்டி போட்டிருந்திச்சி மனே. அதத்தான் இண்டைக்குக் காட்ட இருந்தன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே காக்கா!”

“ஓம். சொல்லியிருக்கலாம்.”



கொழும்பிலிருந்து வந்த அம்மா ஒருவர், இதை யார் வெட்டியது என்று கேட்டார். மனேஜர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் பெக்கோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான் வெட்டச் சொன்னன். பாம்புக்குப் பயந்து,” என்றார் காக்கா.

அந்த அம்மா தடங்களைப் படம் பிடித்தார். குடியிருக்கும் இடம் எதுவும் இல்லை, கடந்து போன தடம் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

“பதினாறு வருஷமாப் பூனை பூனை எண்டிட்டு, கடைசில நீங்களே வெட்டச் சொன்னீங்களா காக்கா?” என்று மனேஜர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேலையை விட்டார். களஞ்சியத்துக்கு அத்திவாரம் வெட்டியதும் நான்தான்.

காவல் கொட்டிலை உடைக்கும்போது அந்தக் கலண்டரைக் கழற்றி எடுத்தேன். நான் பன்னை வெட்டிய வியாழனுக்கு முந்திய நாள் கட்டத்தில் ஒரு பெரிய வட்டம், அதற்குக் கீழே இரண்டு சின்ன வட்டம். தினமும் அதன் கீழே இருந்துதான் தேத்தண்ணி குடித்தேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மனேஜர் சுபியானும் இதைப் படிக்கட்டும். காக்கா வெட்டச் சொல்லவில்லை. சாய்ந்தமருது பத்து நிமிஷப் பயணம், இன்னும் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை.