ஊர்ப் பெயர் போடாத சுலோச்சனா

செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் இருந்தேன். மாத இதழின் கடைசிப் பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. சட்டைப் பையில் அதிர்ந்ததால் எடுத்தேன். நகரியிலிருந்து சுலோச்சனாவின் தம்பி.

"அக்கா போயிடுச்சிணா. டீ போட்டுக்கினு இருந்துச்சி. அடுப்பாண்ட அப்படியே உக்காந்துச்சி, அவ்ளோதான்."

"எங்கே?" என்றேன்.

"ஊட்லதாண்ணா" என்றான் அவன், பாவம். என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் வாயில் வந்த கேள்வி அது. சுலோச்சனாவிடம் நான் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய கேள்வி. அவர் கடைசியாக அனுப்பிய கட்டுரையின் ஓரத்திலும் முந்தின நாள்தான் சிவப்பு மையில் அதையே எழுதி வைத்திருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்கு மட்டும்: சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் காடுகளையும் அங்குள்ள விலங்குகளையும் பற்றித் தெலுங்கிலும் தமிழிலும் எழுதியவர் சுலோச்சனா. எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. கழுத்தில் தொங்கவிட அட்டை கிடையாது, வண்டியில் ஒட்ட 'பிரஸ்' கிடையாது. ஒருமுறை மலையடிவாரச் செக்போஸ்ட்டில் எங்களை நிறுத்திய காவலர், எந்தப் பேப்பர் என்று கேட்டார். "எது வாங்கிக்குதோ அந்தப் பேப்பரு சார்" என்றார் சுலோச்சனா. காவலர் சிரித்துவிட்டார். ஆனாலும் உள்ளே விடவில்லை. நாங்கள் திரும்பி வந்து அலிபிரியில் இட்லி சாப்பிட்டோம்.

அவர் வீடு நகரியில் விசைத்தறி ஓடும் தெருவில் இருந்தது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. போனில் பேசினால் நான் காதிலிருந்து அரை அடி தள்ளித்தான் பிடிப்பேன். ஆனால் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஒரு வார்த்தை வராது. எல்லாம் கைஜாடைதான். தறிக் கொட்டகையில் வாயால் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் இழை அறுந்தது, தறியை நிறுத்து, அந்தப் பக்கம் போய்ப் பார் என்று எல்லாவற்றையும் அங்கே கையாலேயே சொல்லிக்கொள்வார்கள். சுலோச்சனா அதை அப்படியே காட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எனக்கா, ஒன்றும் புரியாது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் 'நில்' என்று அர்த்தமாம். நான் 'உட்கார்' என்று எடுத்துக்கொண்டு ஒருதரம் முள்மேல் உட்கார்ந்தேன். வெளியே வந்த பிறகு ரோட்டோரம் நின்று அவர் சிரித்த சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

எங்களுக்குள் சண்டை என்றால் ஒன்றே ஒன்றுதான். அவர் எழுதும் செய்தியில் ஊர் இருக்காது. கரடி இருக்கும், அது தோண்டிய கரையான் புற்று இருக்கும், அதைப் பார்த்தவர் பேசியது இருக்கும். எங்கே என்பது மட்டும் இருக்காது. "இது செய்தியாம்மா? புராணத்தில்கூட இன்ன காட்டில் நடந்தது என்று போடுகிறான்" என்று கத்துவேன். அவர் என்னைவிட உரக்கக் கத்துவார். "பக்கத்து ஊருக்குத் தெரியணும்ணா. அவுங்களுக்கு நான் சொல்லிட்டுத்தான் வரேன். மத்தவங்களுக்கு எதுக்கு? வேடிக்க பாக்கறதுக்கா?"

பக்கத்து ஊருக்குச் சொல்வது என்றால் என்ன என்று ஒரே ஒருமுறை நேரில் பார்த்தேன். அது கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி. உள்ளே ஒரு சிறுத்தை குட்டி போட்டிருந்தது. ஆடு மேய்க்கும் மங்கம்மாதான் முதலில் பார்த்தவர். அவர் சுலோச்சனாவைக் கூப்பிட்டார்; சுலோச்சனா வனத்துறை ரேஞ்சரிடம் சொன்னார். ரேஞ்சர் வந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: குட்டிகள் நடக்க ஆரம்பித்தால் தாய் தானாகக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடும். ஆனால் விஷயம் வெளியே போய்க் கூட்டம் சேர்ந்தால் கூண்டு வைப்பதைத் தவிரத் தனக்கு வேறு வழி இல்லை. கூண்டில் தாய் ஒரு பக்கம் போகும், குட்டிகள் ஒரு பக்கம் போகும்.

அன்று கோயில் முன்னால் ஊர் கூடியது. சுலோச்சனா எதையும் மறைக்காமல் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை குவாரி ஓரமாகத்தான் போகிறது. சுற்றிக்கொண்டு ரோடு வழியாகப் போகலாம். ஆனால் உடன் போக ஆள் வேண்டும். பெரியவர்கள் விடிந்ததும் வயலுக்கும் மாங்காய்ச் சாறு ஃபேக்டரிக்கும் கிளம்பிவிடுகிறவர்கள். ஒருவர் எழுந்து நேராகவே கேட்டார்:

"உனுக்கு இன்னாம்மா, எழுதிட்டுப் பூடுவ. புள்ளய அது தூக்கிக்கினு போனா நீயா வந்து பதில் சொல்லுவ?"

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சுலோச்சனா அங்கிருந்த பிள்ளைகளை ஒருதரம் எண்ணினார். பிறகு, "தினம் வரேன். புள்ளைங்கள நானே இட்டுக்கினு போறேன்" என்றார்.

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே வந்தார். நகரியிலிருந்து முதல் பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி. கையில் ஒரு தடி, பின்னால் வால்போலப் பிள்ளைகள். அந்தக் குரலோடு அவர் ரோட்டில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனால் சிறுத்தை என்ன, யானைகூட ஒதுங்கிவிடும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவிலேயே உட்கார்ந்து எழுதுவார். சாயங்காலம் மறுபடி கூட்டி வந்து வீடு சேர்ப்பார். அந்த நாட்களில் அவர் வேறு எங்கும் போகவில்லை. வந்த வேலைகள் கைமாறிப் போயின.

அதற்குள் அவர் ஒரு படம் எடுத்திருந்தார். குவாரிப் பாறைத் திட்டில் தாய் படுத்திருக்கிறது. ஒரு குட்டி அதன் முதுகில் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் இத்தனை வருஷத்தில் பார்த்த படங்களில் அதுதான் சிறந்தது. பெரிய நகரத்துப் பத்திரிகை ஒன்று அட்டையில் போடத் தயாராக இருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் வேண்டும் என்றார்கள். முடியாது என்றார். அவர்களும் முடியாது என்றார்கள். அட்டையில் வந்திருந்தால் நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு எரிந்ததாகத் தெரியவில்லை.

எப்படியோ மோப்பம் பிடித்து ஒரு டிவி வண்டி வந்தது. அன்று நான் அங்கே இருந்தேன். டீக்கடைக்காரர் கிழக்கே கை காட்டினார். பூசாரி மேற்கே காட்டினார். மைக்கை மங்கம்மா முன்னால் நீட்டினார்கள். முந்தின வாரம்தான் அவருடைய வெள்ளாடு ஒன்றைச் சிறுத்தை அடித்துத் தின்றிருந்தது.

"சிறுத்தயா? டிவிலதான் சார் பாத்தோம். நல்லா இருந்துச்சி."

வண்டி போன பிறகு மங்கம்மா உட்கார்ந்து அந்த ஆட்டை நினைத்து அழுதார். சுலோச்சனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மழை தொடங்கியதும் தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டது, குவாரி காலியானது. சுலோச்சனா எல்லாவற்றையும் நம் இதழில் எழுதினார், வழக்கம்போல ஊர் இல்லாமல். பாறைத் திட்டைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று படத்தையும் தரவில்லை. கட்டுரை வந்ததும் கேலி ஆரம்பித்தது. திருப்பதியில் ஒரு கூட்டத்தில், அவர் எதிரிலேயே, "அந்த அம்மா சிறுத்தையைக் கனவில் பார்த்தார்" என்று ஒருவர் மைக்கில் சொன்னார். நான் எழுந்தேன். சுலோச்சனா என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தினார். இந்த முறை எனக்குப் புரிந்தது. வெளியே வந்து ஏன் தடுத்தாய் என்று சத்தம் போட்டேன்.

"நம்பாட்டி பரவாயில்லணா. நம்பாதவன் தேடிக்கினு வரமாட்டான்."

இறுதிச் சடங்கன்று அவர் தெருவில் தறிகள் நின்றிருந்தன. அந்தத் தெருவை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து மங்கம்மாவும் சில பிள்ளைகளும் இறங்கினார்கள். சுலோச்சனாவோடு நடந்து போனவர்கள்தான், வளர்ந்திருந்தார்கள். வந்திருந்த நிருபர் ஒருவர், நீங்கள் எந்த ஊர் என்று மங்கம்மாவைக் கேட்டார். "இங்கதான் சார், பக்கத்துல" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கிளம்பும்போது மங்கம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மறுபடியும் வந்துகீதுணா. அதே எடத்துலதான். குட்டிங்க சத்தம் கேக்குது. ரேஞ்சரு ஆபீஸ்ல சொல்லிட்டோம். அக்காவாண்ட சொல்லலாம்னு இருந்தேன்." ஆட்டோ பக்கம் பார்த்துக்கொண்டே, "சாயங்காலம் நான் பாத்துக்கறேன். காலைலதான் புள்ளைங்களுக்கு ஆளு இல்ல" என்றார்.

இந்தக் கட்டுரையின் அச்சுப்படி மெய்ப்பு பார்க்கும் பெண்ணிடமிருந்து நேற்றுத் திரும்பி வந்தது. நன்றாக வேலை தெரிந்த பெண், நான் பழக்கியதுதான். குவாரி வரும் இடத்தில் ஓரமாகச் சிவப்பு மையில் 'எங்கே?' என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன்.

சுலோச்சனாவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு ஊரின் பெயர்தான். அதோடு ஒரு தடியும் வந்திருக்கிறது; அவர் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாய்ப்பாடு எனக்குப் பாதி மறந்துவிட்டது, பிள்ளைகள் திருத்துகிறார்கள். இதழ் விஷயமாக என்னைப் பார்க்க வருகிறவர்கள் இனி மதியத்துக்கு மேல் வரவும். காலையில் எங்கே போகிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.