வேரை விடச் சொன்னவர்

சவரிமுத்து மாமாவின் மகன் போன செவ்வாய்க்கிழமை கோலா தெர்லாவிலிருந்து லோரியில் வந்து இறங்கினான். வாசலிலேயே நின்றான். "அப்பா போயிட்டாரு, அக்கா. உங்களுக்கு நேர்ல போய்ச் சொல்லணும்னு சொல்லி வெச்சிருந்தாரு." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததை இனி யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் மலைத் தோட்ட ஊரான ரிங்லெட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில் அவர் நில ஆபீஸில் சங்கிலி பிடித்து அளக்கிறவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருந்த தேயிலைச் சரிவை வேரோடு பிடுங்கிவிட்டுக் கிழங்கு போட வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு போட்டது. உத்தரவு எழுதியவன் அந்தச் சரிவில் கால் வைத்ததே இல்லை. "ஆபீசுக்குக் கை மட்டும்தான், கால் கிடையாது" என்பார் மாமா.

அளந்து முளை அடிக்க வந்த மாமா என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "வேரைத் தொடாதீங்கக்கா. மழை வந்தா மண்ணு உங்க வீட்டு மேலதான். செடியைத் தரையோட கவாத்து வெட்டி, நடுவுல சர்க்கரைவள்ளி போடுங்க. கொடி மூடிக்கும்."

"ஆபீசர் வந்து பார்த்தா?"

"அவரு காரை விட்டு இறங்கமாட்டாரு லா."

இறங்கவில்லை. ரோட்டிலிருந்து பார்த்து, பிடுங்கியாச்சு என்று மாமா சொன்னதை நம்பி, தேயிலை அழிந்தது என்று எழுதிக்கொண்டு போனார். கொடிக்குள் துளிர் எட்டிப் பார்த்தால் நாங்கள் கிள்ளிவிடுவோம். கிள்ளுவதுதானே எங்கள் வேலை. தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் உத்தரவுப்படி வேரைத் தோண்டினார்கள். அடுத்த அடைமழையில் சரிவு இறங்கி இரண்டு வீட்டை மூடியது. எங்கள் பக்கம் ஒரு கல்கூட உருளவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை அந்தக் கிழங்குதான் எங்களுக்குச் சோறு.

வெள்ளைக்காரன் திரும்பியதும் புது ஆபீசர் வந்தார். இவர் மேலே ஏறினார். அந்த நிலத்தை எங்களுக்கே விடும்படி அம்மா கேட்டாள். "உங்க ஆபீஸ் புக்குலயே கிழங்குக் காடுன்னு இருக்குங்க, துரை."

கூட வந்த கணக்கெழுதும் கிராணி முந்திக்கொண்டார். "அது ஜப்பான் புக்கு, செல்லாது. இங்க தேயிலை துளிர்த்து நிக்குதே?"

அளக்கிற சங்கிலியோடு கூட வந்திருந்த மாமாவை அம்மா பார்த்தாள். "பிடுங்கின காடுன்னு சொல்லு, தம்பி."

"வேரை விடச் சொன்னது நான்தான்" என்றார் மாமா. ஏன் என்று விளக்கவும் பார்த்தார். கிராணிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வேர் இருக்கிறது, அதனால் தேயிலை நிலம் என்று எழுதிக்கொண்டார். வேர் இல்லாத பக்கத்து டிவிஷனில் அங்கிருந்தவர்களைக் காய்கறி போட விட்டார்கள்.

அந்த வாரமே கொடியைப் பிடுங்கச் சொன்னார்கள். பிஞ்சுக் கிழங்கை முந்தானையில் கட்டிக்கொண்டு அம்மா இறங்கி வந்தபோது மாமா வழியில் நின்றார். "பொய் சொல்ல வாய் வரலக்கா."

"ஜப்பான்காரன்கிட்ட வந்துச்சே" என்றாள் அம்மா.

அம்மா சாகும்வரை அவரோடு பேசவில்லை. நானும் மாதா கோயில் வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனாலும் பெருமழை விட்டதும், கோலா தெர்லாவுக்குக் குடிபோன பிறகும், அவர் வருவார். லயத்துக்குப் பின்னால் நின்று சரிவைப் பார்த்துவிட்டுப் போவார். என்னைக் கூப்பிட மாட்டார்; நானும் வெளியே வர மாட்டேன். எந்த ஆபீஸிலிருந்தும் ஒருத்தர்கூட அப்படி வந்து பார்த்ததில்லை.

நிலம் போனதை நான் மறக்க மாட்டேன். நேற்று மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மண் சரியாமல் நின்றது. அவர் நிற்கும் இடத்தில்தான் நானும் நின்றேன்.